எங்கள் அடுப்படிக்கு வராத மக்காச்சோளம் உங்கள் ஏட்டில் சாப்பாடு

ஒன்றிய வேளாண் அமைச்சகத்தில் பயிர்க் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், உணவு அமைச்சகத்தில் அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் காட்டில், மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறவன் நான். புரட்டாசி மழைக்கு விதைத்து, தை மாதம் கருது ஒடிப்போம். இருபது வருஷத்துக்கு மேல் இதே வெள்ளாமைதான். இத்தனை வருஷத்தில் மக்காச்சோளம் ஒரு தடவைகூடத் தானியமாக எங்கள் அடுப்படிக்குள் வந்ததில்லை. பால் பிடிக்கிற பருவத்தில் பிள்ளைகள் நாலு கருதை ஒடித்துச் சுட்டுத் தின்பார்கள், அவ்வளவுதான். அதுவும் தீவன ரகம், சப்பென்று இருக்கும். மற்றபடி காட்டிலிருந்து களம், களத்திலிருந்து மூட்டை, மூட்டையிலிருந்து லாரி. லாரி நாமக்கல் பக்கம் போகும், பல்லடம், உடுமலைப் பக்கம் போகும். எல்லாம் கோழிக்கு.

இதே காட்டில் என் அம்மா காலத்தில் சோளமும் கம்பும் விளைந்தன. அவை வீட்டுக் குதிருக்குப் போயின. குதிர் நிறைந்த பிறகுதான் சந்தைக்கு. இன்று குதிரும் இல்லை, சோளமும் இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது. அதற்காக ஒப்பாரி வைக்க இந்த மடலை எழுதவில்லை. மக்காச்சோளம் போட்டதால்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். என் குறை வேறு.

நான் பி.காம். படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஆள். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒன்றிய அரசு வருஷாவருஷம் வெளியிடுகிற பொருளாதார ஆய்வறிக்கையின் புள்ளிவிவரப் பகுதியில், நாட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உணவு தானியம் கிடைக்கிறது என்று ஒரு அட்டவணை போடுகிறீர்கள். அரிசிக்கு ஒரு பத்தி, கோதுமைக்கு ஒரு பத்தி, கொண்டைக்கடலைக்கு ஒரு பத்தி, பருப்புகளுக்கு ஒரு பத்தி. மக்காச்சோளத்துக்குத் தனிப் பத்தி இல்லை. சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாவற்றோடும் சேர்த்து ‘இதர தானியங்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

அந்த மூட்டையைத்தான் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 1951இல் அந்தப் பத்தியில் தலைக்கு ஏறக்குறைய 110 கிராம் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்து, 2001இல், 56 கிராம். பாதியாகிவிட்டது. அரிசியும் கோதுமையும் வந்து புன்செய்த் தானியத்தைத் தள்ளிவிட்டன என்று எல்லோரும் சொல்வதுதான், அது சரியும்கூட. ஆனால் 2001க்குப் பிறகு அந்தப் பத்தி அந்த வேகத்தில் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறவும் செய்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஜனங்கள் திரும்பவும் சோளமும் கம்பும் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடந்தது அது இல்லை. 1980-81இல் 1 கோடி டன்னுக்கு மேல் விளைந்த சோளம் இன்று பாதிக்கு வந்துவிட்டது. மனிதர் தின்ற தானியம் மூட்டையை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்க, கோழி தின்கிற தானியம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே பார்த்தால் மூட்டை அதே கனம். பெயரிலும் சோளம் என்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மக்காச்சோளத்தின் விளைச்சல் எப்படி ஏறியது என்பது உங்கள் ஏட்டிலேயே தெளிவாக இருக்கிறது. 1950-51இல் நாடு முழுவதும் 17 லட்சம் டன், எக்டேருக்கு 547 கிலோ. 1957இல் மக்காச்சோளத்துக்கு அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அந்த மாதிரித் திட்டம் முதன்முதலில் கிடைத்த பயிரே இதுதான், நெல்லோ கோதுமையோ இல்லை. 1961இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் என்ற வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. 1970-71இல் 75 லட்சம் டன்னாயிற்று. அப்புறம் ஒரு பெரிய தேக்கம். 1980-81இல் 70 லட்சம், 1990-91இல் 90 லட்சம். இருபது வருஷம் ஒரே இடத்தில் நின்ற வண்டி, 2000க்குப் பிறகு பாய ஆரம்பித்தது. 2000-01இல் 1.2 கோடி டன், 2010-11இல் 2.17 கோடி, 2020-21இல் 3.16 கோடி, 2022-23இல் 3.8 கோடி, 2024-25இல் 4 கோடியைத் தாண்டிவிட்டது. எக்டேருக்கு 547 கிலோ எடுத்த நாடு இன்று 3,500 கிலோ எடுக்கிறது.

இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் தனியார் விதைக் கம்பெனிகளின் ஒற்றை ஒட்டு ரகங்கள், பீகாரில் கோசி ஆற்றுப் பக்கம் பனிக்காலத்தில் போடுகிற மக்காச்சோளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோழி. ஜனங்களுக்குப் பசித்து இந்தப் பயிர் வளரவில்லை. கோழிக்குப் பசித்தது, வளர்ந்தது. நடுவில் 2018இல் படைப்புழு வந்தது. கர்நாடகத்தில் சிவமொக்காப் பக்கம் முதலில் கண்டார்கள், அதே பட்டத்தில் எங்கள் காட்டுக்கு வந்துவிட்டது. குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தின்னும், மேலே மருந்து அடித்தால் உறைக்காது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் பாதிக் காட்டை மாட்டை விட்டு மேய்த்தார்கள். விளைச்சல் குறைந்தது, தீவன விலை ஏறியது, அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யச் சொல்லிக் கோழிப்பண்ணைக்காரர்கள் டெல்லிக்கு நடந்தார்கள். அந்தச் சமயத்தில் எந்த வீட்டிலாவது மக்காச்சோளம் இல்லாமல் உலை கொதிக்கவில்லை என்று கேள்விப்பட்டீர்களா? எங்கள் மாநிலத்தில் நான் கேள்விப்படவில்லை.

இப்போது கழித்தல் கணக்குக்கு வருகிறேன். மொத்த உணவு தானிய விளைச்சலிலிருந்து விதை, தீவனம், சேதாரம் மூன்றுக்கும் சேர்த்து 12.5 விழுக்காட்டைக் கழித்துவிட்டு, மிச்சம் 87.5 விழுக்காடு ஜனங்களுக்குக் கிடைப்பதாக எழுதுகிறீர்கள். பழைய கணக்கில் சொன்னால் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, கழிவு. நெல்லும் கோதுமையுமே பெரும்பங்காக இருந்த காலத்தில், வைக்கோலும் தவிடும் தின்று மாடு வளர்ந்த காலத்தில், அரைக்கால் நியாயமான மதிப்பீடாகவே இருந்திருக்கும். அதைப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைச்சலில் பாதிக்கு மேல் தீவனமாகவே போகிற ஒரு பயிர் இத்தனை பெரிதாக வளர்ந்த பிறகும் அரைக்கால் அரைக்காலாகவே இருந்தால் எப்படி?

அந்த விகிதத்தை மக்காச்சோளத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். 2022-23இல் விளைந்த 3.8 கோடி டன்னில் எட்டில் ஏழு பங்கு, 3.33 கோடி டன். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 24 கிலோ, நாளைக்கு 65 கிராம், மாதத்துக்கு 2 கிலோ. அதே ஆண்டு நீங்களே வீடு வீடாகப் போய் எடுத்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், கிராமத்து ஆள் ஒருவர் மாதத்துக்கு எல்லாத் தானியமும் சேர்த்துச் சாப்பிடுவது ஒன்பதரைக் கிலோ சுமாருக்கு என்று வந்தது. அப்படியானால் ஐந்தில் ஒரு கவளம் மக்காச்சோளமா? கன்னியாகுமரியிலிருந்து கௌஹாத்தி வரைக்கும்? ஒரு ஏடு சொல்வதை இன்னொரு ஏடு மறுக்கிறது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் ஏடுகள்.

முட்டையாகத் திரும்பி வருகிறதே என்பீர்கள். வருகிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு முட்டை போடுகிறார்கள், அதற்குள் என் காட்டு மக்காச்சோளம் இருக்கலாம் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் போலத் தீவனம் தின்னும், அதில் பாதி மக்காச்சோளம். தினமும் தவறாமல் முட்டையிடாது என்பதையும் சேர்த்தால், முட்டைக்கு 65 கிராம் மக்காச்சோளம் என்று வைக்கலாம். வேடிக்கையைப் பாருங்கள், மேலே தலைக்கு வந்த அதே 65. ஆனால் முட்டைக்கு நீங்கள் தனி ஏடு வைத்திருக்கிறீர்கள். 2023-24இல் நாட்டில் 14,277 கோடி முட்டை, தலைக்கு வருஷத்துக்கு 103 என்று அதில் எழுதியிருக்கிறது. முட்டைக்குள் போன மக்காச்சோளத்தைத் தானியக் கணக்கில் ஒருமுறை சாப்பாடு என்கிறீர்கள், முட்டைக் கணக்கில் இன்னொருமுறை சாப்பாடு என்கிறீர்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒரே சரக்கை இரண்டு பக்கத்தில் எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் விடுவாரா? கொல்லைக் கோழியை விட்டுவிட்டுப் பண்ணை முட்டைக்கு மட்டும் தோராயமாகப் பார்த்தாலே 70, 80 லட்சம் டன் மக்காச்சோளம் வருகிறது. கறிக்கோழி தனி.

சரி, தின்னாத தானியத்தைத் தின்றதாக எழுதினால் யாருக்கு நஷ்டம்? உண்மையாகவே தின்கிறவர்களுக்குத்தான். இந்த நாட்டில் மக்காச்சோளத்தையே ரொட்டியாகத் தட்டிச் சாப்பிடுகிற ஜனங்கள் இருக்கிறார்கள். தெற்கு ராஜஸ்தானில், குஜராத்தின் கிழக்கு ஓரத்தில், மேற்கு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற பழங்குடி ஊர்கள். 1974 கடைசியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் என்ன நடந்தது என்பது மருத்துவ ஏடுகளில் இருக்கிறது. பருவம் தப்பிப் பெய்த மழையில் கருது நனைந்தது. நனைந்த கருதை வீட்டுக்குள் குவித்து வைத்தார்கள். பூஞ்சணம் பிடித்தது, அதிலிருந்து அஃப்ளடாக்சின் நஞ்சு. வேறு தானியம் இல்லாதவர்கள் அதையே அரைத்துத் தின்றார்கள். மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம். 100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த வீடுகளில் அதே சாப்பாட்டில் பங்கு பெற்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது.

என் களத்தில் ஈரப்பதம் 14க்கு மேல் போனால் வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு என்று விலையில் அடிப்பார். போன தடவை ஒருவர், கருவியைக் காட்டாமலேயே 18 என்று சொல்லி அடித்தார், அந்தக் கதை வேண்டாம். சொல்ல வந்தது, எனக்கு ஈரம் என்பது காசு. பான்ஸ்வாடாக்காரருக்கு ஈரம் என்பது உயிர். உங்கள் அட்டவணையில் எங்கள் இரண்டு பேர் மக்காச்சோளமும் ஒரே பத்தியில், ஒரே விகிதத்தில் கழிந்து, ஒரே சராசரியாக நிற்கிறது. நாட்டுச் சராசரி 65 கிராம் என்றால், நாளைக்கு 300 கிராம் தின்கிறவர் எங்கே இருக்கிறார், அவருக்குக் கிடைப்பது கூடுகிறதா குறைகிறதா என்பது அதற்குள் முழுகிப்போகிறது. புரதம் கூடிய மக்காச்சோள ரகங்களை நம் விஞ்ஞானிகள் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். சாதா மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபன் என்ற புரதக் கூறுகள் குறைவு, அதையே நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்த ரகம் அவசியம். யாருக்குக் கொடுப்பது என்று தெரிய வேண்டுமே. கோழிப்பண்ணைக்காரர் செயற்கை லைசினை வாங்கித் தீவனத்தில் கலந்துகொள்வார், அவருக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் பழைய பாக்கி. புதிய பாக்கி, பெட்ரோலில் கலக்கிற எத்தனால்.

2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்தினீர்கள். மழை குறைந்த வருஷம், சர்க்கரை விலை ஏறிவிடக் கூடாது என்ற பயம், புரிகிறது. அதற்குப் பதிலாக மக்காச்சோள எத்தனாலுக்கு விலையை ஏற்றி லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு கொடுத்தீர்கள். எங்களுக்கு அது கொண்டாட்டம், மறைக்கவில்லை. முன் ஆண்டு 31 கோடி லிட்டர் அளவில் இருந்த மக்காச்சோள எத்தனால் ஒரே ஆண்டில் 280 கோடி லிட்டரைத் தாண்டியது. ஒரு டன்னுக்கு 380 லிட்டர் என்று வைத்தால் 73 லட்சம் டன்னுக்கு மேல். 1950-51இல் நாடு முழுவதும் விளைந்ததைப் போல நாலு மடங்கு, பெட்ரோலில் கலந்துவிட்டது. அதில் வடித்த பிறகு மிஞ்சுகிற சக்கை தீவனமாகத் திரும்புகிறது, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் ‘விதை, தீவனம், சேதாரம்’ என்ற உங்கள் அரைக்காலில் எரிபொருள் என்ற வார்த்தையே கிடையாது. வண்டி குடித்த மக்காச்சோளமும் ஜனங்கள் தின்றதாகவே ஏட்டில் ஏறுகிறது.

அதன் விளைவு என்ன தெரியுமா? 2022-23இல் 34 லட்சம் டன் மக்காச்சோளத்தை வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும் விற்ற நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. 50 விழுக்காடு சுங்கம் இருந்த சரக்குக்கு, 5 லட்சம் டன் அளவுக்கு 15 விழுக்காடு போதும் என்று வழி திறந்தீர்கள். விலை நன்றாக இருக்கிறதே என்று அடுத்த பட்டத்தில் நாடெங்கும் மக்காச்சோளத்தைப் போட்டார்கள். 2025 கடைசியில் கர்நாடகத்தில் விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். அப்போது அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், மண்டியில் அதற்கு வெகு கீழே. இரண்டு வருஷத்துக்குள் பஞ்சமும் பெருக்கமும். எத்தனாலுக்கு இவ்வளவு போகும், கோழிக்கு இவ்வளவு வேண்டும், தின்கிறவருக்கு இவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதியிருந்தால், அந்த ஊஞ்சலில் கொஞ்சமாவது ஆட்டம் குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தாள் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு நாடு நாடாக உணவுச் சமநிலைக் கணக்குப் போடுகிறது. விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, இருப்பு ஏறியதா இறங்கியதா பார்த்து, விதை, தீவனம், சேதாரம், தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சாப்பாடு. சரியான முறை. ஆனால் மிஞ்சுவதைச் சாப்பாடு என்று சொல்வதால், கழிக்கிற எண்ணில் பிழை இருந்தால் அத்தனையும் சாப்பாட்டுத் தட்டில்தான் வந்து விழும். அவர்களும் 2010க்குப் பிந்தைய கணக்கைப் புது முறையில் போட்டு, பழைய வரிசையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒட்டவைத்து 1961லிருந்து ஒரே கோடாக இழுத்து ‘இந்தியர்கள் மக்காச்சோளம் தின்பது கூடியது, குறைந்தது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுப் போட்ட இடத்தில் கோடு துள்ளினால் அது வாயின் துள்ளல் இல்லை, பேனாவின் துள்ளல்.

நான் கேட்பது இதுதான். ‘இதர தானியங்கள்’ மூட்டையிலிருந்து மக்காச்சோளத்தைத் தனியே எடுத்து அதற்கென ஒரு பத்தி போடுங்கள். அரைக்காலை மக்காச்சோளத்துக்கு மட்டுமாவது தூக்கி எறிந்துவிட்டு, கோழி, மாடு, மாவுச்சத்து ஆலை, எத்தனால், விதை, சேதாரம், நேரடிச் சாப்பாடு என்று பிரித்து, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எத்தனாலுக்கு ஒதுக்கீடு அறிவிப்பதற்கு முன்னால் வெளியிடுங்கள், பின்னால் வந்தால் எங்களுக்கு அது பஞ்சாங்கம் இல்லை, நேற்றைய நாள்காட்டி. நேரடிச் சாப்பாட்டை மட்டும் மாவட்ட வாரியாகச் சொல்லுங்கள். அங்கேதான் சராசரிக் கணக்கு ஏமாற்றுகிறது. பழைய ஆண்டுகளுக்கும், முடிந்த வரைக்கும், 2000க்காவது திரும்பிப் போய், இதே முறையில் திருத்திப் போடுங்கள். ஐம்பது வருஷத்துக் கோடு ஒன்றை ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆள் பலம் இல்லை, இதற்கெல்லாம் தனிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனால் எவ்வளவு வாங்கினார்கள் என்பது எண்ணெய் நிறுவனங்களிடம் லிட்டர் சுத்தமாக இருக்கிறது. முட்டைக் கணக்கு உங்களிடமே இருக்கிறது. தீவன ஆலையும் மாவுச்சத்து ஆலையும் கொள்முதல் ஏடு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை உங்கள் ஆட்கள் கேள்வித்தாளோடு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் ஊர் எடைமேடைக்கு வாருங்கள், அங்கே கிழித்துக் கொடுக்கிற சீட்டில்கூட லாரி எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். தை பிறந்ததும் வந்தால் என் மூட்டைகளையே பார்க்கலாம்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்டத்து மானாவாரி விவசாயி ஒருவர்